‘கிரேஸ்’ என்ற ஒரு சொல்லோடு தமிழ் லெக்சிகனிடம் போனபோது

சென்ற மாதம் பதினைந்து நாள் இடைவெளிக்குள் மூன்று மொழிபெயர்ப்பு வேலைகள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. முதலாவது, ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகள். இரண்டாவது, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாக வேண்டிய ஒரு திருமண வழிபாட்டுக் கையேடு. மணமகன் வீட்டார் கத்தோலிக்கர், மணமகள் வீட்டார் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மூன்றாவது, தீபாவளி போனஸ் தொடர்பான ஒரு சுற்றறிக்கை. மூன்றிலும் ‘கிரேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோ அதன் இலத்தீன் மூலமோ இருந்தது. மூன்றிலும் அதற்கு வெவ்வேறு தமிழ்ச் சொல் தேவைப்பட்டது. அந்த இரண்டு வாரமும் நான் நாள்தோறும் திறந்து வைத்திருந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் அந்தப் பேரகராதியை, இந்த ஒரே சொல்லை உரைகல்லாக வைத்து மதிப்பிட்டு எழுதுகிறேன்.

லெக்சிகனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாலும் பயன்படுத்திப் பாராதவர்கள் பலர் இருப்பதால், அது எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1913இல் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வேலை தொடங்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும், 1939இல் பின்னிணைப்புத் தொகுதியும் வெளிவந்தன. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்து வைத்தார், மு. இராகவையங்கார் தொடக்கத்திலிருந்தே தலைமைப் பண்டிதராக உழைத்தார். ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள், பின்னிணைப்பில் 13,357 சொற்கள். இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் முழுவதையும் தேடிப் பார்க்கலாம். அதே இடத்தில் பெப்ரீசியஸ், வின்சுலோ ஆகியோரின் பழைய அகராதிகளும் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் லெக்சிகனைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது.

லெக்சிகன் தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குவது. என் தேவையோ ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்கியது. ஆகவே ‘கிரேஸ்’ எங்கிருந்து வந்தது என்பதை ஆங்கிலச் சொற்பிறப்பு நூல்களில் முதலில் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. அதன் தாய் இலத்தீனின் ‘கிராத்தியா’. அதற்கும் முந்தியது ‘கிராத்துஸ்’ என்ற பெயரடை. அதற்கு ‘மனத்துக்கு இனியது, உவப்பானது’ என்று பொருள். உரோமர்களுக்குக் ‘கிராத்தியா’ முதலில் கடவுளோடு தொடர்புடைய சொல்லாக இருக்கவில்லை. ஒருவர் மற்றொருவருக்குக் காட்டும் ஆதரவு, அந்த ஆதரவால் ஒருவருக்குக் கிடைக்கும் செல்வாக்கு, ஆதரவு பெற்றவர் திருப்பிச் சொல்லும் நன்றி ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கின. ஸ்பானியரின் ‘கிராசியாஸ்’, இத்தாலியரின் ‘கிராட்சியே’ இரண்டும் அந்த நன்றிப் பொருளின் எச்சங்கள். உணவுக்கு முன் சொல்லும் மன்றாட்டை ஆங்கிலத்தில் ‘கிரேஸ்’ என்பதும் அதனால்தான். விலையின்றிக் கிடைப்பதைச் சொல்லும் ‘கிராட்டிஸ்’ என்பதற்கு மூலப்பொருள் ‘வெறும் நன்றிக்காக’ என்பது. பணியாளர் ஓய்வு பெறும்போது வாங்கும் ‘கிராஜுவிட்டி’யும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே.

கிறித்தவ மறைநூலில் இந்த இடத்தில் நிற்கும் கிரேக்கச் சொல் ‘காரிஸ்’. ஒலியைக் கேட்டு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. ‘காரிஸ்’ மகிழ்ச்சியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பழைய கிரேக்கக் கவிதையில் அது அழகையும் வசீகரத்தையும் குறித்தது. கிரேக்கத் தொன்மத்தின் மூன்று அழகுத் தேவதையர் அந்தச் சொல்லின் பன்மையாலேயே அழைக்கப்பட்டனர். மறைநூலை இலத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் ‘காரிஸ்’ நின்ற இடத்தில் ‘கிராத்தியா’வை வைத்தார்கள். மனிதர்களுக்கிடையே புழங்கிய இனிமையும் ஆதரவும் அப்படித்தான் கடவுளின் கொடையைச் சொல்லும் சொல்லாயின. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் அருளிடம் போகும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இனி லெக்சிகன். சிகாகோ தளத்தில் தலைச்சொற்களை மட்டும் தேடலாம். வேண்டுமானால் பதிவுகளின் உள்ளடக்கம் முழுவதையும் தேடலாம். இரண்டாவது வழியில் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், விளக்கத்தில் அந்தச் சொல் வரும் தமிழ்ப் பதிவுகள் வந்து நிற்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்ல அமைந்த அகராதியை எதிர்த்திசையிலும் நடத்துவது அச்சுப் புத்தகத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வசதி. நான் இந்த வழியில் இறங்கி அருள், கிருபை, தயை, கடாட்சம், பிரசாதம், அநுக்கிரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சொல் கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். நாம் இன்று றன்னகரம் போட்டு எழுதும் ‘அனு’ அங்கே பெரும்பாலும் தந்நகரத்தோடு ‘அநு’ என்று நிற்கும்.

ஒரு பதிவின் அமைப்பு இப்படி இருக்கும்: தலைச்சொல், உரோமன் எழுத்தில் ஒலிப்பு, சொல் வந்த வழி, ஆங்கில விளக்கம், தமிழ் விளக்கம், அந்தப் பொருளுக்கு ஓர் இலக்கியச் சான்று. ‘சொல் வந்த வழி’ என்ற அந்தச் சிறு குறிப்புத்தான் எனக்குப் பெரும் உதவியாக இருந்தது. வடமொழியிலிருந்து வந்த சொல்லுக்கு அதன் மூல வடிவத்தை உடனே காட்டிவிடுகிறது; அங்கிருந்து வடமொழி அகராதிக்குப் போனால் சொல்லின் முழு வாழ்க்கையும் விரிகிறது. பிரசாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சத்’ என்ற வினைக்கு அமர்தல், படிதல் என்று பொருள். கலங்கிய நீரில் வண்டல் அடியில் படிய, மேலே தெளிவு பிறக்கும். அந்தத் தெளிவே பிரசாதத்தின் முதற்பொருள். பிறகு அது முகத்தின் தெளிவாயிற்று, மனத்தின் தெளிவாயிற்று, தெளிந்த மனத்தோடு ஒருவர் காட்டும் அன்பாயிற்று, கடைசியில் இறைவனின் அன்பு கைக்கு வந்து சேரும் வடிவமான வெண்பொங்கலும் சுண்டலும் ஆயிற்று. கோவில் வாசலில் தொன்னையை நீட்டுகிறவர்கள் நீரின் தெளிவைக் கையில் வாங்குகிறார்கள் என்பதை இந்த வேலைக்கு முன் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். அநுக்கிரகத்தில் உள்ள வினைக்குப் பற்றுதல், பிடித்தல் என்பது பொருள். விழப் போகிறவரைப் பிடித்துக்கொள்ளும் கை அதில் இருக்கிறது. கடாட்சம் கடைக்கண் பார்வை. தயையிலிருந்து வந்த தயவை நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை, அது என்ன சொல் என்ற நினைவே இல்லாமல், ‘தயவுசெய்து’ என்று செலவழிக்கிறோம். பார்வையைக் கொண்டு இரக்கத்தைச் சொல்வது வடமொழிக்கு மட்டும் உரியதன்று. திருக்குறளில் ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கண் ஒருவர்மீது ஓடி அவர்பால் நெகிழ்வது என்பதைக் காட்டிலும் நேரான தமிழ் இதற்கு இல்லை. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள், நண்பர் நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் கண்டும் உண்டு அமைவோர், ‘நயத்தக்க நாகரிகம்’ வேண்டுபவர் என்கிறது.

அந்த நயத்தில் நான் ஒரு முழு மாலையைக் கழித்தேன். ‘கிராத்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குத் தமிழில் மிக அருகில் நிற்பது எது என்று என்னைக் கேட்டால், அருளையோ கருணையையோ சொல்ல மாட்டேன், நயம் என்பேன். நயத்தல் என்றால் விரும்புதல், உவத்தல். நயம் என்றால் இனிமை, அழகு, பேச்சிலும் பாட்டிலும் உள்ள நுட்பம். யாழ்ப்பாணத்தில் ஒரு பொருளை மலிவாக வாங்கியவர் ‘நயமாக வாங்கினேன்’ என்பார். இலத்தீனில் இனிமைச் சொல் ‘கிராட்டிஸ்’ வரை இறங்கியதைப் போலவே இங்கும் இனிமை விலைக்கு இறங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் நாட்டியக்காரரின் அசைவுக்கும் ‘கிரேஸ்’ என்பார்கள். நாம் அதற்கு நளினம், ஒயில் என்று வேறு சொற்களுக்குப் போகிறோம். நயம் என்றாலும் பொருந்தும். ஒரு சொல்லின் பல பொருள்களை ஒரே இடத்தில் அடுக்கி வைக்கும் பேரகராதி இல்லாவிட்டால், ஆங்கிலம்–தமிழ்க் கையகராதி எதிலும் இந்த உறவு கண்ணில் பட்டிருக்காது.

அருளுக்கு வருகிறேன். லெக்சிகன் அருளைக் கடன் சொல்லாகக் காட்டவில்லை. பெயர்ச்சொல்லை ‘அருள்’ என்ற தமிழ் வினையோடு இணைக்கிறது. கிருபை, கருணை, தயை போன்றவை வடமொழி மூலத்தைக் கொண்டிருக்க, அருள் மட்டும் தன் காலில் நிற்கிறது. அது வினையாகவும் இருப்பதால் தமிழில் செய்யக்கூடியவை ஏராளம். இறைவன் வருவதில்லை, எழுந்தருள்கிறான்; பேசுவதில்லை, திருவாய் மலர்ந்தருள்கிறான். ஆழ்வார்களின் பாடல்களை வைணவர்கள் ‘அருளிச்செயல்’ என்றே அழைக்கிறார்கள். எந்த வினையோடும் ஒட்டி அதை அருட்செயலாக்கிவிடும் இப்படி ஒரு துணைவினை ஆங்கிலத்தில் இல்லை. அறநிலையத் துறையின் பெயர்ப்பலகைகளில் ‘அருள்மிகு’ என்று தொடங்காத திருக்கோயிலைக் காண்பது அரிது. அம்மன் கோவில் திருவிழாவில் சாமியாடுபவருக்கு வருவதும் அருள்தான். அவர் சொல்வது அருள்வாக்கு. ஈழத்தில் ‘அருண்டு எழும்பினான்’ என்றால் திடுக்கிட்டு எழுந்தான் என்று பொருள்; தூங்குகிறவரை உசுப்புவதை அங்கே அருட்டுதல் என்பார்கள். திடுக்கிடலுக்கும் அருளுக்கும் வேரில் உறவு உண்டோ இல்லையோ, சாமி வந்து உடல் அதிர நிற்பவரை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு ஒலிகளும் அருகருகே இருப்பது விந்தையாகத் தோன்றாது.

சைவ சித்தாந்தத்தில் அருள் ஒரு கலைச்சொல். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனின் ஐந்தொழிலில் அது கடைசி. ‘அவனருளாலே அவன்தாள் வணங்கி’ என்ற மாணிக்கவாசகரின் வரியில், வணங்குவதற்கே அருள் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இதே கேள்வி வைணவத்தில் இரு மரபுகளாகப் பிரிந்தது: தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிர் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைப் போலச் சும்மா இருக்கலாமா என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டார்கள். ஐரோப்பாவில் சீர்திருத்தச் சபையினர் ‘கிரேஸ்’ என்ற சொல்லை வைத்து நடத்திய வாதத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் குட்டிகள் உடனே நினைவுக்கு வரும். வள்ளலாரோ ‘அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை’ என்று தமிழ்ச் சொல்லையும் வடசொல்லையும் ஒரே மந்திரத்தில் அருகருகே வைத்து, ஒன்றை ஒளியாகவும் மற்றொன்றை இரக்கமாகவும் பிரித்துக் காட்டிவிட்டார். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு அந்த இரண்டாவது சொல்லுக்கு அவர் கொடுத்த உரை என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு செல்வத்தையும் வைத்திருக்கும் லெக்சிகனிடம் எனக்கு உள்ள பெரிய குறையை இங்கேதான் சொல்ல வேண்டும். அது பொருள்களை 1, 2, 3 என்று எண்ணிட்டு அடுக்குகிறது. எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதற்கு ஆண்டோ நூற்றாண்டோ தருவதில்லை. சான்று காட்டப்பட்ட நூலின் காலத்தை நாமே வேறிடத்தில் தேடி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். அருள் விஷயத்தில் அப்படித் தேடினால் கிடைப்பது மிக முக்கியமான செய்தி. புறநானூற்றின் ஐந்தாம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் ஒரு சேர மன்னனிடம், ‘அருளும் அன்பும் நீக்கி’ நீங்காத நரகத்தை அடைபவர்களோடு சேராமல், குழந்தையை வளர்ப்பவர் போல நாட்டைக் காப்பாயாக என்கிறார். குறுந்தொகையின் இருபதாம் பாட்டில் கோப்பெருஞ்சோழனின் தலைவி, ‘அருளும் அன்பும் நீக்கி’ துணையைத் துறந்து பொருளுக்காகப் பிரிந்து போகிறவர்தான் அறிவுடையவர் என்றால், அவரே அறிவுடையவராக இருக்கட்டும், நாம் மடவோராகவே இருப்போம் என்று மனம் நொந்து சொல்கிறாள். இரண்டு பாட்டும் ஒரே மூன்று சொற்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்றில் அருள் அரசனிடம் எதிர்பார்க்கப்படுவது, மற்றொன்றில் காதலனிடம் எதிர்பார்க்கப்படுவது. இரண்டிலும் அது மனிதன் மனிதனுக்குத் தர வேண்டியது. குறளிலும் அருள் அன்பு ஈன்ற குழவி. பொருள் என்ற செவிலியால் வளர்வது. இறைவனுக்கே உரியதாக அது உயர்வது பத்திப் பாடல்களின் காலத்தில். இலத்தீனில் கிராத்தியாவுக்கு நடந்ததும் இதுவே என்பதை முன்பு சொன்னேன். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளில் ஒரே ஏற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஆனால் எண்ணிட்ட பொருள் வரிசையை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அது தெரிய வழியில்லை.

திருமணக் கையேட்டில் எனக்குக் கிடைத்த சோதனை இதைவிடக் கடினமானது. கபிரியேல் தூதர் மரியாளை வாழ்த்தும் வசனத்தைச் சீர்திருத்தச் சபையினர் காலங்காலமாகக் ‘கிருபை பெற்றவளே, வாழ்க’ என்று படிக்கிறார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது ‘அருள்மிகப் பெற்றவரே வாழ்க’. கத்தோலிக்கரின் செபத்திலோ ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’. ‘பெற்ற’ என்பது கிரேக்க மூலத்தின் வழி, ‘நிறைந்த’ என்பது இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழி. மணமகனின் பாட்டிக்கு இவை எதுவும் வாயில் வராது. அவர் சிறுமியாக இருந்தபோது கற்றது ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க’ என்பது. பிரியத்தோடு கொடுக்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால், ‘கிராத்துஸ்’ என்ற சொல்லின் இனிமையும் கொடையும் இரண்டும் அதில் இருக்கின்றன. எவ்வளவு யோசித்து அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஆக்கியிருக்க வேண்டும்! அதே தலைமுறையின் ஞானோபதேசத்தில் அருளுக்குத் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்ற சொல்லும் வழங்கியது. இன்று அவையெல்லாம் போய், குருவானவர் அருட்தந்தை ஆனார், கன்னியர் அருட்சகோதரி ஆனார், ஞானஸ்நானம் போன்ற திருச்சடங்குகளைக் குறித்த தேவதிரவிய அனுமானம் அருட்சாதனம் ஆயிற்று. சீர்திருத்தச் சபைகளில் கிருபை அசையாமல் நிற்கிறது. கிரேக்கத்தின் ‘நல்ல’ என்ற முன்னொட்டும் ‘காரிஸ்’ வேரும் சேர்ந்த ‘யூக்கரிஸ்ட்’ என்ற திருவிருந்தின் பெயர், கத்தோலிக்கத் தமிழில் ‘நற்கருணை’ என்று உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்பதையும் குறிப்பிட வேண்டும்.

இந்த இடத்தில் லெக்சிகனின் ஒரு நல்ல பண்பு கைகொடுத்தது. கிறித்தவ வழக்கு, கத்தோலிக்க வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்று யார் சொல்லும் சொல் என்பதைக் குறியீட்டால் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. இலக்கியத் தமிழ் மட்டுமே தமிழ் என்று எண்ணாமல், கோவிலிலும் தேவாலயத்திலும் வயலிலும் கடையிலும் வழங்கியதையும் அது சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்தக் குறியீடுகளின் விளக்கம் முதல் தொகுதியின் முகப்பில் இருக்கிறது. புதிதாக வருகிறவர் முதலில் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வருவது நல்லது. இல்லாவிட்டால் பாதிப் பதிவு சங்கேத மொழியாகத் தோன்றும். கையேட்டில் நான் இரண்டு வீட்டாருக்கும் பொதுவான சொல்லைத் திணிக்கவில்லை. மணமகள் வீட்டார் படிக்கும் வாசகத்தில் கிருபையும், கூட்டுச் செபத்தில் அருளும் இருக்கின்றன. பாட்டி விரும்பியபடி கடைசிப் பக்கத்தில் பழைய பிரியதத்த மந்திரத்தைச் சிறிய எழுத்தில் சேர்த்தோம்.

காப்பீட்டுப் பத்திரத்துக்கும் போனஸ் சுற்றறிக்கைக்கும் லெக்சிகன் உதவவில்லை. அது அதன் குற்றமன்று. 1939இல் நின்றுவிட்ட நூல் அது. நம் அலுவலகத் தமிழ் பெரும்பாலும் அதற்குப் பின் உருவானது. தவணை செலுத்தத் தவறியவருக்கு மேலும் தரும் நாள்களை வணிகச் சட்டம் நெடுங்காலமாக ‘கிரேஸ்’ நாள்கள் என்றே அழைக்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் அது மூன்று நாள். ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். தமிழில் இதைச் ‘சலுகைக் காலம்’ என்கிறோம். தாராளம் பேசாத, அதிகம் வாக்களிக்காத சொல். எனக்கு அதில் மனநிறைவே. பத்திரத்திலும் அதையே எழுதினேன்.

மனம் ஒப்பாதது ‘கருணைத் தொகை’. ‘எக்ஸ் கிரேஷியா’ என்ற இலத்தீன் தொடருக்குக் ‘கடமையால் அல்லாமல் நல்லெண்ணத்தால்’ என்பதே பொருள். தமிழ்நாட்டின் பொதுத்துறைத் தொழிலாளர்களுக்குத் தீபாவளி நேரத்தில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று சேர்த்து 20 சதவீதம் அறிவிப்பதைப் பல ஆண்டுகளில் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். முதற்பகுதி சட்டம் வகுத்த குறைந்த அளவு. இரண்டாம் பகுதி அதற்கு மேல் தருவது. அதற்குக் கருணை என்று பெயரிட்டதில் பொருள் சற்றுத் தடம் மாறிவிட்டது. கருணை துன்பப்படுகிறவரைக் கண்டு சுரப்பது. கருணை மனு, கருணை அடிப்படையில் பணி நியமனம் ஆகிய தொடர்களில் துன்பம் உண்மையாகவே இருக்கிறது. அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. ஆண்டு முழுவதும் பேருந்து ஓட்டியவருக்குப் பண்டிகைக்குத் தரும் தொகையிலும், ஓரிரு மதிப்பெண்ணில் தேர்ச்சியைத் தவறவிட்ட மாணவருக்குத் தரும் கருணை மதிப்பெண்ணிலும் அந்தச் சொல் பெறுகிறவரைத் தாழ்த்தி நிறுத்துகிறது. ‘நல்லெண்ணத் தொகை’ என்றிருந்தால் மூலத்துக்கும் நெருங்கியிருக்கும், வாங்குகிறவரின் முதுகும் நிமிர்ந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, கிராஜுவிட்டிக்கு நாம் வைத்த ‘பணிக்கொடை’ எவ்வளவு அருமையான சொல்! ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு, ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் அதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. கொடை என்ற பெயர் இருந்தும் அதில் இரப்பின் சாயல் இல்லை. சுற்றறிக்கையில் வழக்கில் உள்ள சொல்லையே போட வேண்டியிருந்தது; அடிக்குறிப்பில் நல்லெண்ணம் என்ற விளக்கத்தை மட்டும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள்.

லெக்சிகனின் சொற்பிறப்புக் குறிப்புகளை எல்லா இடத்திலும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு அது வடமொழி மூலம் காட்டிவிட்டது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்து எழுதினார்; 1974 முதல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநராகி, 1981இல் மறையும்வரை அதில் உழைத்தார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் நான் ஏற்பவன் அல்லேன். ஆனால் ஐயத்துக்கு இடமான சொல் வரும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியை மூன்றாவதாகத் திறப்பதும் என் வழக்கம். கிருபை, தயை, பிரசாதம் போன்றவற்றில் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை.

மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், மேடைப் பேச்சாளர்கள், பிள்ளைக்குப் பெயர் தேடுகிற பெற்றோர் யாராயினும் இந்தச் சேவையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். விளம்பரம் இல்லை, பதிவுசெய்ய வேண்டியதில்லை, பணம் கேட்பதில்லை. சொல்லப் போனால் ‘கிராட்டிஸ்’. இன்றைய பேச்சுத் தமிழும் அலுவலகத் தமிழும் வேண்டுவோர் தற்காலத் தமிழ் அகராதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லெக்சிகனின் பதிவுகளுக்கு நூற்றாண்டுக் குறிப்பு ஏற்றும் வேலையை ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம் இனியாவது கையில் எடுத்தால், அருளைப் போன்ற சொற்களின் வரலாற்றைப் பள்ளிப் பிள்ளையும் ஒரே பார்வையில் படிக்க முடியும். சான்று நூல்களின் பெயர்கள் ஏற்கெனவே பதிவுக்குள் இருக்கின்றன. அவற்றோடு காலத்தை இணைப்பதுதான் மிச்சம்.

திருமணக் கையேட்டில் கடைசியாக ஒரு சொல் பாக்கி இருந்தது: விருந்துக்கு முன் சொல்லும் ‘கிரேஸ்’. அருளும் கிருபையும் அங்கே பொருந்தவில்லை. தேடல் முடிவுகளில் விடை கிடைக்காமல், லெக்சிகனில் ‘நன்றி’யைத் தனியே எடுத்துப் பார்த்தேன். பழந்தமிழில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதனால்தான் வள்ளுவர் ‘செய்ந்நன்றி’ என்கிறார், ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்கிறார். இன்று நன்றி அந்த நன்மையைப் பெற்றவர் திருப்பிச் சொல்வது. கொடுப்பதும் ஏற்றுச் சொல்வதும் ஒரே சொல்லாக இலத்தீன் ‘கிராத்தியா’வில் இருந்ததைப் போலவே தமிழ் நன்றியிலும் இருக்கிறது. கையேட்டின் அந்தப் பக்கத்துக்கு ‘உணவுக்கு முன் நன்றி’ என்று தலைப்பிட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். இரண்டு வீட்டாரும் அதில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.